பேட்டரி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: உள்ளே என்ன கேத்தோடு?

நம் வீட்டில் இப்போது எத்தனை லித்தியம் பேட்டரிகள் இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். ஆளுக்கொரு கைப்பேசி, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டு வந்த பவர் பேங்க், கரண்ட் போனால் எரியும் அவசர விளக்கு, பிள்ளைகளின் டேப், மடிக்கணினி என்று பட்டியல் நீளும். வாசலில் மின்ஸ்கூட்டர் நின்றால் அதில் ஒரு பெரிய பேட்டரி. பள்ளிவாசல் இன்வெர்ட்டருக்குக்கூட, தண்ணீர் ஊற்றும் பழைய பேட்டரியை மாற்றிவிட்டு லித்தியம் வைக்கலாமா என்று நிர்வாகிகள் யோசிக்கும் காலம் இது.

கடைக்குப் போனால் நாம் கேட்பது மூன்று கேள்விகள். "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எத்தனை வருஷம் வாரண்டி? விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?" நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "உள்ளே என்ன கேத்தோடு?" முதல் மூன்று கேள்விகளுக்கான பதிலின் பெரும்பகுதி இந்த நான்காவதில்தான் அடங்கியிருக்கிறது. வெயிலில் அந்த பேட்டரி எப்படி நடந்துகொள்ளும், அதற்கான உலோகத்தை எந்த நாட்டில் யார் கைகள் தோண்டின என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

இது வெறும் அறிவியல் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில ஊர்களிலும் மின்ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகே மத்திய அரசு, மின்வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 என்னும் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது. எனவே பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் குடும்பத் தலைவரும் தலைவியும் ஓரளவாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஊருக்கும் வெளிநாட்டுக்கும் போய் வரும் லித்தியம்

ஒரு லித்தியம் செல்லைப் பிரித்துப் பார்த்தால் (தயவு செய்து வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம்) நான்கு முக்கியமான பொருட்கள் இருக்கும். ஒரு பக்கம் அலுமினியத் தகட்டின் மேல் பூசிய கறுப்புத் தூள், இதுதான் கேத்தோடு. மறு பக்கம் செம்புத் தகட்டின் மேல் பூசிய கிராஃபைட் என்னும் கரி, இது ஆனோடு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். இவை எல்லாவற்றையும் நனைத்தபடி, எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம்.

பள்ளியில் கேத்தோடு என்றால் எதிர்மின்வாய் என்று படித்திருப்போம். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது நிலைமை வேறு. அங்கே பிளஸ் குறி போட்ட பக்கம்தான் கேத்தோடு. குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் கேத்தோடு என்றே சொல்வோம்.

நமக்கு நன்கு பழக்கமான ஓர் உதாரணத்தால் இதை விளங்கிக்கொள்ளலாம். லித்தியம் அயனிகளின் சொந்த ஊர் கேத்தோடு. சார்ஜரை மாட்டியதும் அவை ஊரை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட் என்னும் வெளிநாட்டில் போய்த் தங்குகின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு விளக்கைப் போட்டதும் அவை ஊர் திரும்புகின்றன. அயனிகள் உள்ளே திரவத்தின் வழியாக வர, எலக்ட்ரான்கள் வெளியே கம்பியின் வழியாக வருகின்றன. கம்பியில் வரும் அந்த எலக்ட்ரான்களின் ஓட்டமே நாம் பயன்படுத்தும் மின்சாரம்.

இதிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகும். தொழிற்சாலையில் செல் தயாராகும்போது லித்தியம் முழுவதும் கேத்தோடில்தான் இருக்கிறது. ஆகவே கேத்தோடு எவ்வளவு லித்தியத்தை வெளியே அனுப்பித் திரும்ப ஏற்கிறதோ, அவ்வளவுதான் அந்த பேட்டரியின் கொள்ளளவு. ஊர் திரும்ப லித்தியத்துக்கு எவ்வளவு ஈர்ப்பு இருக்கிறதோ, அதுதான் வோல்ட். ஆட்கள் போய்விட்ட பிறகும் வீட்டுச் சுவர் இடியாமல் நிற்கிறதா என்பதுதான் ஆயுளும் பாதுகாப்பும். பல வகை செல்களில் மூலப்பொருள் செலவிலேயே பெரிய பங்கு இந்தக் கறுப்புத் தூளுக்குத்தான் போகிறது. எனவேதான் கடந்த ஐம்பது ஆண்டுகளாக பேட்டரி ஆராய்ச்சியாளர்கள் கேத்தோடை மேம்படுத்துவதிலேயே இவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

எக்ஸானில் தொடங்கி சோனி வரை

1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது, அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் நிறுவனமே மாற்று வழி தேடியது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்பைடு என்னும் அடுக்கடுக்கான பொருளை கேத்தோடாக வைத்து ஒரு பேட்டரி செய்தார். அடுக்குகளின் இடுக்கில் லித்தியம் நுழைந்து வெளியேறியது. ஆனால் கிடைத்தது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். மறுபக்கத்தில் இருந்த தூய லித்தியம் உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து ஷார்ட் ஆகி, ஆய்வகத்தில் பல முறை தீப்பிடித்தது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் குட்இனஃப், சல்பைடுக்குப் பதில் ஆக்சைடு இருந்தால் வோல்ட் கூடும் என்று கணித்தார். 1980-ல் அவரும் ஜப்பானைச் சேர்ந்த கொய்ச்சி மிசுஷிமா உள்ளிட்ட குழுவினரும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தார்கள். நான்கு வோல்ட் கிடைத்தது. 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ, ஆபத்தான லித்தியம் உலோகத்தைத் தூக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு வகைக் கரியை வைத்தார். 1991-ல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு இந்த மூவருக்கும் சேர்ந்து கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான்.

இந்த வரிசையில் நாம் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் ரஷீத் யஸமி. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்தவர். இன்று ஏறக்குறைய எல்லா லித்தியம் பேட்டரியிலும் ஆனோடாக இருக்கும் கிராஃபைட்டுக்குள் லித்தியத்தை மின்வேதி முறையில் செலுத்தி மீண்டும் எடுக்க முடியும் என்று, 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிளில் காட்டியவர். பொறியியலின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசு, 2014-ல் குட்இனஃப், யோஷினோ, சோனியின் யோஷியோ நிஷி ஆகியோருடன் இவருக்கும் வழங்கப்பட்டது.

கோபால்ட்டின் இரண்டு குறைகள்

லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நம் கைப்பேசிகளில் இன்றும் இருக்கிறது. சிறிய இடத்தில் அதிக மின்சாரம் அடைக்க அது மிகவும் ஏற்றது. ஆனால் அதில் இரண்டு பெரிய குறைகள் உண்டு.

முதலாவது, அந்த வீட்டின் சுவர் பலவீனமானது. கணக்குப்படி ஒரு கிராமுக்கு 274 மில்லிஆம்பியர்-மணி தர வேண்டிய பொருள், நடைமுறையில் நெடுங்காலம் 140 அளவில்தான் தந்தது. ஏறத்தாழ பாதி லித்தியம் வெளியேறியதும் அடுக்குகள் நிலைகுலையத் தொடங்கிவிடும் என்பதே காரணம். மேலும் லித்தியத்தை உருவினாலோ, செல் அளவுக்கு மீறிச் சூடானாலோ, கேத்தோடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுவிடும். எரியக்கூடிய திரவம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் ஒரு மூடிய டப்பாவுக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. எரியத் தேவையான ஆக்சிஜன் உள்ளேயே கிடைப்பதும், சூடான ஒரு செல் அடுத்த செல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதும் சேர்வதால்தான் இத்தகைய தீயை மணலோ போர்வையோ போட்டு அணைப்பது கடினம்.

இரண்டாவது குறை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் எடையில் 60 விழுக்காடு கோபால்ட். உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் சுமார் 70 விழுக்காடு ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே பெரிய நிறுவனச் சுரங்கங்களோடு, ஏழைகள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குழி தோண்டி எடுக்கும் கைச்சுரங்கங்களும் உண்டு. தென் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாக 2014-ல் யுனிசெஃப் மதிப்பிட்டது. 2016-ல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு, அந்தக் குழந்தைகள் மூட்டை சுமப்பதையும் தாதுத் தூசியைச் சுவாசிப்பதையும் ஆவணப்படுத்தி அறிக்கை வெளியிட்டது. நம் பிள்ளைகள் படிக்கும் வயதில் அந்தப் பிள்ளைகள் தோண்டிய உலோகம் நம் சட்டைப் பையில் இருக்கக்கூடும்.

எனவே கேத்தோடை மேம்படுத்துவது என்றால் "இன்னும் கொஞ்சம் அதிக தூரம் ஓட வைப்பது" மட்டுமல்ல. கோபால்ட்டைக் குறைப்பதும், ஆக்சிஜனை வெளியே விடாமல் கட்டி வைப்பதும் அதன் முக்கியமான குறிக்கோள்கள். இதற்கு விஞ்ஞானிகள் மூன்று பாதைகளில் சென்றார்கள்.

முதல் பாதை: மாங்கனீசு

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் தாக்கரே, ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபுடன் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடைக் கொண்டு வந்தார். மாங்கனீசு மலிவானது. இந்தப் பொருளின் அமைப்பு அடுக்கடுக்காக இல்லாமல் மூன்று திசைகளிலும் வழி விட்ட கட்டடம் போல இருப்பதால் லித்தியம் வேகமாகப் போய் வரும். ஆனால் சூடு கூடினால் மாங்கனீசு மெல்ல மெல்ல திரவத்தில் கரையத் தொடங்கும். பேட்டரியின் ஆயுள் குறையும். வெப்ப நாடுகளுக்கு இது தனியாகப் பொருந்தவில்லை. மற்ற பொருட்களோடு கலந்து பயன்படுத்தினார்கள்.

இரண்டாம் பாதை: இரும்பும் பாஸ்பேட்டும்

இந்தப் பாதையின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். தென் தமிழகத்தின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் பட்டப்படிப்பும் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டமும் முடித்த ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, அவருடன் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

இரும்பு உலகெங்கும் கொட்டிக் கிடக்கும் மலிவான உலோகம். ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடு கேத்தோடாக வைத்தால் வோல்ட் மிகவும் குறைவு. மந்திரமும் குட்இனஃபும் 1980-களின் இறுதியில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். இரும்போடு சேரும் ஆக்சிஜன், மாலிப்டினம் அல்லது டங்ஸ்டனோடும் பிணைந்திருந்தால் 3.0 வோல்ட் கிடைக்கிறது. அதே ஆக்சிஜன் கந்தகத்தோடு பிணைந்து சல்பேட்டாக இருந்தால் 3.6 வோல்ட் கிடைக்கிறது. உலோகம் அதே இரும்புதான். அதன் பக்கத்து வீட்டுக்காரரை மாற்றியதும் வோல்ட் ஏறிவிட்டது. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது; அதனால் வோல்ட் உயர்கிறது.

இந்த வழியில் தொடர்ந்து, 1997-ல் குட்இனஃபின் குழுவில் இருந்த அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரு இந்தியர்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தார்கள். கடைகளில் எல்எஃப்பி என்று சொல்வது இதைத்தான். இதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருக்கிறது. செல் சூடானாலும் அந்த ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. கோபால்ட், நிக்கல் இரண்டும் இல்லை. கணக்குப்படி கிடைக்க வேண்டிய 170 மில்லிஆம்பியர்-மணியில் பெரும்பகுதி நடைமுறையிலும் கிடைக்கிறது. லித்தியம் முழுவதும் வெளியேறினாலும் சுவர் இடிவதில்லை.

குறை என்னவென்றால், இந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்துவதில் மிக மந்தம். முதலில் பலர் இதை உதவாது என்றே நினைத்தார்கள். ஒவ்வொரு துகளையும் மிக நுண்ணியதாக்கி, அதன் மேல் மெல்லிய கரிப் பூச்சு பூசிய பிறகுதான் அது வேகமாக வேலை செய்தது. இன்னொரு குறை, வோல்ட் சுமார் 3.4 மட்டுமே என்பதால், அதே தூரம் ஓட பேட்டரி கொஞ்சம் பெரியதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். பல காலம் இதை மலிவு வண்டிக்கான பொருள் என்று ஒதுக்கினார்கள். சீன நிறுவனங்கள் செல்களை அடுக்கும் முறையை மாற்றி இடத்தை மிச்சப்படுத்திய பிறகு நிலைமை மாறியது. 2022 வாக்கில் முக்கியமான காப்புரிமைகளும் காலாவதியாகின. இன்று உலகில் மின்கார்களில் ஏறும் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி எல்எஃப்பிதான்.

பாஸ்பேட் பாறை வளத்தில் உலகில் முதலிடம் மொரோக்கோவுக்கு. உலகக் கையிருப்பில் சுமார் 70 விழுக்காடு அந்த ஒரு நாட்டில் இருக்கிறது. இதுவரை உரத்துக்கு மட்டும் பெயர் பெற்ற அந்த வளம் இப்போது பேட்டரித் தொழிலின் கண்ணிலும் பட்டிருக்கிறது.

மூன்றாம் பாதை: நிக்கல்

அதிக தூரம் ஓட வேண்டும், எடையும் கூடக்கூடாது என்பவர்கள் நிக்கல் பாதையில் போனார்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றையும் கலந்த அடுக்கு ஆக்சைடுதான் என்எம்சி. நிக்கல் கொள்ளளவைத் தருகிறது. மாங்கனீசு சுவரைத் தாங்குகிறது. கோபால்ட் அடுக்குகளை ஒழுங்காக வைக்கிறது. முதலில் மூன்றையும் சமமாகக் கலந்தார்கள். பிறகு நிக்கலைக் கூட்டிக் கூட்டி, எட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தார்கள். சமக் கலவையில் எடையில் 20 விழுக்காடு இருந்த கோபால்ட் இதில் 6 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு கிராமுக்குக் கிடைக்கும் கொள்ளளவும் 160-லிருந்து 200 மில்லிஆம்பியர்-மணி அளவுக்கு ஏறியது.

ஆனால் நிக்கல் கூடக் கூட தொல்லையும் கூடுகிறது. நிக்கல் அயனியும் லித்தியம் அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் நிக்கல் வழி தவறி லித்தியத்தின் இருக்கையில் உட்கார்ந்துவிடும். சார்ஜ் ஏறி இறங்கும்போது துகள்கள் சுருங்கி விரிந்து வெடிப்பு விடும். காற்றின் ஈரம் பட்டாலே மேற்பரப்பு கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வகச் சோதனைகளில், சமக் கலவை கேத்தோடு சுமார் 300 டிகிரியில் காட்டிய கடும் வெப்ப வினையை, எட்டு பங்கு நிக்கல் உள்ளது சுமார் 230 டிகிரியிலேயே காட்டியது.

இதைச் சரிசெய்ய உலகெங்கும் நடந்த வேலைகளில் நான்கைச் சொல்லலாம்.

ஒன்று, பூச்சு. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல, துகளின் மேல் சில நானோமீட்டர் கனத்துக்கு அலுமினியம் ஆக்சைடு போன்ற பொருளைப் பூசுவார்கள். திரவம் நேரடியாக அரிப்பது குறையும்.

இரண்டு, கலப்பு. அலுமினியம், மெக்னீசியம், சிர்கோனியம் போன்றவற்றை மிகச் சிறிய அளவில் உள்ளே சேர்ப்பார்கள். கான்கிரீட்டில் கம்பி போல அவை கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைப்பது. துகளின் நடுவில் நிக்கல் அதிகம், வெளிப்புறம் போகப் போக மாங்கனீசு அதிகம். இனிப்பான பூரணத்துக்கு மேல் கெட்டியான மாவு இருக்கும் கொழுக்கட்டை மாதிரி. கொரியாவின் ஹன்யாங் பல்கலைக்கழகத்தின் யாங்-குக் சன், அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தின் கலீல் அமீன் ஆகியோரின் குழு 2009-ல் இதை வெளியிட்டது. கலீல் அமீனும் மொரோக்கோவில் பிறந்தவர். 2019-ல் உலக எரிசக்திப் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

நான்கு, ஒற்றைப் படிகம். வழக்கமான துகள் என்பது நூற்றுக்கணக்கான சிறு மணிகள் ஒட்டிய உருண்டை. மணிகளின் இடுக்கில்தான் வெடிப்பு விடுகிறது. ஆகவே ஒவ்வொரு துகளையும் இடுக்கே இல்லாத ஒரே கல்லாக வளர்த்தார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் குழு 2019-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, இத்தகைய செல்கள் ஒரு காரை 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் அளவுக்கு ஆயுள் தர முடியும்.

நிக்கலுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. உலகில் தோண்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. சுலவேசி, ஹல்மஹேரா தீவுகளில் அதற்காகக் காடுகள் அழிக்கப்படுகின்றன. உருக்காலைகளுக்கு நிலக்கரி எரிக்கப்படுகிறது. காங்கோவின் சுமையைக் குறைத்து வேறொரு நாட்டின் மீனவர் தலையிலும் விவசாயி தலையிலும் ஏற்றுவது முழுத் தீர்வு ஆகாது. பழைய பேட்டரிகளிலிருந்து உலோகத்தை மீட்டெடுப்பதும் கேத்தோடு ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக மாறியதற்கு இதுவும் காரணம். இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன.

அடுத்து என்ன?

இப்போது வேகமாக நகரும் முயற்சிகளில் ஒன்று, எல்எஃப்பியில் இரும்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்ப்பது. மாங்கனீசு தரும் 4.1 வோல்ட் காரணமாக, அதே எடையில் 20 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றலை எதிர்பார்க்கலாம். பாஸ்பேட்டின் பாதுகாப்பும் கையை விட்டுப் போகாது. கோபால்ட் அறவே இல்லாத நிக்கல் கேத்தோடுகளில் ஆறுமுகம் மந்திரத்தின் குழு உட்படப் பலர் உழைக்கிறார்கள். லித்தியத்துக்குப் பதில் உப்பில் உள்ள சோடியத்தையே பயன்படுத்தும் பேட்டரிகளும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. கனம் சற்று அதிகம் என்றாலும், வீட்டு இன்வெர்ட்டர் போல ஓரிடத்தில் நிற்கும் பேட்டரிக்குக் கனம் ஒரு பிரச்சினையே அல்ல.

"புதிய பேட்டரி கண்டுபிடிப்பு, ஐந்து நிமிடத்தில் சார்ஜ்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு புதிய கேத்தோடைச் சட்டைப் பொத்தான் அளவு செல்லில்தான் முதலில் சோதிப்பார்கள். அதில் நன்றாக இருப்பது, டன் கணக்கில் தயாரிக்கும்போதும், ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும், 45 டிகிரி வெயிலிலும் நன்றாக இருக்க வேண்டும். 1980-ல் கண்டறிந்த பொருள் கடைக்கு வர 11 ஆண்டுகள் ஆயின. 1997-ல் அறிவித்த எல்எஃப்பி கார்களில் பெருமளவில் ஏற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நாம் கவனிக்க வேண்டியவை

இவ்வளவும் தெரிந்த பிறகு கடையில் என்ன பார்க்கலாம்?

பேட்டரியின் மேல் ஒட்டிய தாளைப் படியுங்கள். ஒரு எல்எஃப்பி செல் 3.2 வோல்ட்; என்எம்சி செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். ஆகவே 12.8, 25.6, 51.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் உள்ளே பெரும்பாலும் எல்எஃப்பிதான். புரியவில்லை என்றால் விற்பவரிடமே "எல்எஃப்பியா, என்எம்சியா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க யோசியுங்கள்.

தினமும் பள்ளி, கடை, சந்தை என்று ஊருக்குள் ஓடும் வண்டிக்கும், வீட்டு அல்லது பள்ளிவாசல் இன்வெர்ட்டருக்கும் எல்எஃப்பி நன்றாகப் பொருந்தும். அது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். பொதுவாக 2,000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். எடை குறைவாகவும் தூரம் அதிகமாகவும் வேண்டும் என்பவர்களுக்கு என்எம்சி ஏற்றது. ஆனால் எல்எஃப்பி எரியவே எரியாது என்று நினைத்துவிட வேண்டாம். கேத்தோடு ஆக்சிஜனை விடாவிட்டாலும், உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம்தான். செல் நசுங்கினாலோ அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ அதிலிருந்தும் எரிவாயு வெளிப்படும்.

சார்ஜரை மாற்றிப் போடவே கூடாது. எல்எஃப்பி செல் 3.65 வோல்ட்டில் நிறைந்துவிடும். என்எம்சி செல் 4.2 வோல்ட்டில் நிறையும். என்எம்சி சார்ஜரை எல்எஃப்பியில் போடுவது நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவது போல. பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் பேட்டரி மாட்டுவதானால், அந்த இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என்எம்சி பேட்டரியை அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் அதன் ஆயுள் நீளும். கேத்தோடிலிருந்து கடைசி லித்தியத்தையும் உருவும்போதுதான் சுவர் அதிகம் வலுவிழக்கிறது. எல்எஃப்பியை அவ்வப்போது முழுதாக நிறைத்தால் வண்டியின் சார்ஜ் கணக்கு சரியாக இருக்கும்.

வெயிலில் நிறுத்திய வண்டியை வந்ததும் சார்ஜில் போடாமல், ஆறவிட்டுப் போடுங்கள். இரவு எல்லோரும் தூங்கும்போது, படுக்கையறையிலோ வெளியேறும் வாசலை மறித்தோ சார்ஜ் போட வேண்டாம். உப்பிய கைப்பேசியையும் பவர் பேங்கையும் "இன்னும் ஓடுகிறதே" என்று வைத்திருக்காமல், உரிய சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பையில் எறிந்தால் குப்பை வண்டியில் தீப்பிடிக்கும். அதை அள்ளும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை "வேதியியல் படிக்கிறேன்" என்றால், "அதில் என்ன வேலை கிடைக்கும்?" என்று உடனே தடுக்காதீர்கள். மின்வேதியியலுக்கென்றே நாட்டின் மைய ஆய்வு நிறுவனம் ஒன்று நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. குட்இனஃபின் சார்பில், 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை நிகழ்த்தியவர் அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். கோபால்ட்டுக்காகக் குழிக்குள் இறங்கும் அந்தக் குழந்தைகளை வெளியே கொண்டுவர உதவும் கேத்தோடு, இன்னும் முழுமையாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த வேலையில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது.